ஒரிஜினல் சான்றிதழ் கையில் இல்லாமல் நர்ஸ் வேலையை விட்டேன்

2022 ஆகஸ்ட் 19ஆம் தேதி காலை நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்தவள், அதன் பிறகு அந்த மருத்துவமனைக்குள் நர்ஸாகக் கால் வைக்கவில்லை. அடுத்த வேலையின் முதல் சம்பளம் என் கணக்கில் ஏறியது 2023 ஜூலைக் கடைசியில். இடையில் பதினோரு மாதம். அதற்குள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, வருங்கால வைப்பு நிதி கரைந்தது, ஒரு பயிற்சி நிலையத்திடம் 38,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். வேலையை விட்டதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் விட்ட விதத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்பா நிலத்தின் பேரில் கடன் வாங்கி பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம் படிக்க வைத்தார். 2015 ஜூனில் சென்னைக்கு வந்து ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் சேர்ந்தேன். ஏழு வருடம். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நாங்கள் பாடத்தில் படித்தது. எங்கள் யூனிட்டில் ஒருத்திக்கு இரண்டு பேர், ஆள் குறைந்தால் மூன்று பேர். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எண்பது கிலோ ஆளைத் தனியாகப் புரட்டிப் புரட்டி என் முதுகெலும்பில் வட்டு பிதுங்கியதுதான் மிச்சம். கொரோனாவின் முதல் இரண்டு அலைகளையும் அந்தக் கவச உடைக்குள்ளேயே கழித்தேன். கடைசியில் மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, இருநூறுக்கு மேல் படுக்கை இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்தத் தாளை எங்கள் ஓய்வறை அலமாரிக்குள் யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் அதைப் படித்துச் சிரிப்போம்.

அந்த இரவு மகளுக்கு 103 டிகிரி காய்ச்சல். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் இரவு ஷிஃப்ட். விடுப்பு கேட்டேன், ஆளில்லை என்றார்கள். குழந்தையைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்து மூன்று நோயாளிகளைப் பார்த்தேன். காலையில் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஹேண்ட் ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தபோது இன்சார்ஜ் வந்து, இன்னொருத்தி வரவில்லை, மதியம் இரண்டு மணி வரை இரு என்றார். ஹேண்ட் ஓவரை மட்டும் ஒரு மருந்து விடாமல் முழுதாகக் கொடுத்தேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு கீழே இறங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி நர்சிங் சூப்பிரண்டண்டுக்கு வாட்ஸ்அப்பில் “இனிமேல் வரமாட்டேன், மேடம்” என்று அனுப்பினேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதி சரியாக இருபது நாள் நீடித்தது.

வேலையில் சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் என்று அத்தனை ஒரிஜினலையும் மனிதவளத் துறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். “பத்திரமாக இருக்கும் சிஸ்டர்” என்றார்கள். ஒப்புகைச் சீட்டு எதுவும் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கேட்க வேண்டும் என்றே தெரியாது. செப்டம்பரில் போய்க் கேட்டபோது, மூன்று மாத நோட்டீஸ் கொடுக்காமல் ஓடிவிட்டாய் என்று பதிவாகியிருக்கிறது, மூன்று மாதச் சம்பளம் 63,000 ரூபாயைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். பணி அனுபவச் சான்றிதழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு முறை நடந்தேன். நான்கு முறையும் வரவேற்பறையில், நோயாளிகளின் உறவினர்களோடு உட்கார வைத்தார்கள். தினமும் வணக்கம் வைத்த காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இதனால் நேராகப் போனது ஒரு வேலை. நவம்பரில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் ஒரு நிறுவனத்தில் நேர்காணல் நன்றாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, தேவையில்லாத பரிசோதனையோ பொருந்தாத மருந்தோ பில்லில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஐசியூ நர்ஸுக்கு இது கைவந்த கலை. சம்பளம் 24,000, பகல் நேரம். ஒரிஜினலையும் அனுபவச் சான்றிதழையும் ஒரு வாரத்துக்குள் காட்டச் சொன்னார்கள். என்னிடம் இருந்ததோ நகல்கள் மட்டும். ஒரு வாரம் கழித்து அவர்கள் போனை எடுக்கவில்லை. அன்று அழுத அழுகை, விட்ட நாளில்கூட அழவில்லை.

சான்றிதழைத் திரும்ப வாங்க வழி காட்டியது கீழ்வீட்டு அக்காதான். அவர் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருக்கிறார். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது என்று அவர் சொல்லும் வரை எனக்குத் தெரியாது. ஜனவரியில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். அங்கே இருந்த வழக்கறிஞர் அம்மா, படிப்புச் சான்றிதழ் என்ன அடகுப் பொருளா என்று முதலில் கோபப்பட்டார். நோட்டீஸ் காலத்துக்கான பணத்தை அவர்கள் கேட்டால் அது தனிக் கணக்கு, அதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்க முடியாது என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏழு வருடம் வேலை பார்த்திருக்கிறாய், பணிக்கொடை வாங்கினாயா அம்மா?”

பணிக்கொடை என்றால் கிராஜுவிட்டி. அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அது அரசு ஊழியர்களுக்கு என்று நினைத்திருந்தேன். அப்போது அமலில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்த என்னைப் போன்ற தனியார் ஊழியருக்கும் உண்டாம். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. என் அடிப்படையும் அகவிலைப்படியும் 11,700. கணக்குப் போட்டால் 47,250 ரூபாய். நோட்டீஸ் கொடுக்காமல் போனதற்காக அதை மறுக்க முடியாது. வன்முறை, நிறுவனச் சொத்துக்குச் சேதம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே சட்டம் அதை அனுமதித்தது. கடிதம் போனது. மூன்று வாரத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, குரலும் மாறியிருந்தது. பேசி முடித்ததில் ஒரு மாதச் சம்பளம் 21,000 ரூபாயை அவர்கள் பிடித்துக்கொண்டு, மீதி 26,250 ரூபாயையும் சான்றிதழ்களையும் அனுபவச் சான்றிதழையும் கொடுத்தார்கள். போராடியிருந்தால் முழுதும் வாங்கியிருக்கலாம் என்றார் வழக்கறிஞர். எனக்கு அப்போது ரூபாயைவிட அந்தப் பிளாஸ்டிக் கோப்புதான் பெரிதாகத் தெரிந்தது. 2023 பிப்ரவரியில் அது கைக்கு வந்தது. மெசேஜ் அனுப்பி ஆறு மாதம் கழித்து.

ஆகவே, யார் என்ன அவசரப்படுத்தினாலும் சேரும்போது ஒரிஜினலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். வாங்கித்தான் வைப்போம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியலிட்டு முத்திரையோடு ஒப்புகை கேளுங்கள். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் முன்கூட்டியே வீட்டில் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் வேலையை விட்ட மறுநாள் அலுவலக மின்னஞ்சல் திறக்காது. மூன்று மாத நோட்டீஸ் என்பது மலை போலத் தெரியும். இரண்டு மாதம் பார்க்கிறேன், மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பேசினால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பேசிப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

வைப்பு நிதி விஷயத்திலும் அறியாமல் ஒரு தவறு செய்தேன். ‘ஓடிப் போனவள்’ என்பதால் மருத்துவமனை நான் விலகிய தேதியைப் பதியவில்லை. அது இல்லாமல் பணம் எடுக்க முடியாது. கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆனால், உறுப்பினர் இணையதளத்தில் நாமே விலகிய தேதியைப் பதியலாம் என்று 2020இலேயே வசதி வந்துவிட்டது. அது தெரியாமல் ஓர் இடைத்தரகருக்கு 2,000 ரூபாய் கொடுத்தேன், அவர் செய்ததும் அதே ஐந்து நிமிட வேலைதான். அதைவிடப் பெரிய இழப்பு, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆகட்டும் என்று வைப்பு நிதியோடு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தது. இரண்டும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் வந்தது. பத்து வருடச் சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. எனக்கு ஏழு வருடம் கணக்கில் இருந்தது. ஓய்வூதியப் பங்கை எடுக்காமல், பழைய சேவைக் காலத்தைக் கணக்கில் வைத்திருக்கும் திட்டச் சான்றிதழை வாங்கி வைத்திருந்தால் புதிய வேலையில் இன்னும் மூன்று வருடம்தான் தேவைப்பட்டிருக்கும். இப்போது முதலிலிருந்து எண்ணுகிறேன்.

இடையில் அந்தப் பயிற்சி நிலையம். சென்னையில் நர்ஸ் வேலையை விட்டவளிடம் எல்லோரும் சொல்வது “மெடிக்கல் கோடிங் படி” என்பதுதான். (என் அப்பா ஊரில் மகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் திருத்துவதில்லை.) அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடும் செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடும் போடுவது இந்த வேலை. அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், கிண்டி என்று இதற்கான நிறுவனங்கள் நிறைய. நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்ற பலகையைப் பார்த்து 2022 அக்டோபரில் சேர்ந்தேன். 38,000 ரூபாயில் 20,000 ரொக்கம், அதற்கு ரசீது இல்லை. மூன்று மாத வகுப்பில் இரண்டு மாதம் இதயத்துக்கு எத்தனை அறை, சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று நடத்தினார்கள். ஏழு வருடம் ஐசியூவில் இருந்தவள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்த புத்தகமோ மூன்று வருடத்துக்கு முந்தைய பதிப்பின் நகல். நோய்க் குறியீடுகள் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1 முதலும், சிகிச்சைக் குறியீடுகள் ஜனவரி 1 முதலும் மாறும். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தேர்வு எழுத முடியாது. டிசம்பரில் ஒரு நாள் போனால் கதவில் பூட்டு. உத்தரவாதம் என்ன ஆனது என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த சொல் ‘வேலைவாய்ப்பு உதவி’.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்தேன். ரசீது இருந்த 18,000 ரூபாயில் 12,000 திரும்ப வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் காட்டுவது? கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கொடுங்கள், ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள், அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஆனால் உண்மையில் நான் சொல்ல நினைப்பது வேறு. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் தாமே பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்கின்றன. நான் கடைசியில் சேர்ந்ததும் அப்படித்தான், அந்த நிலையத்தின் சான்றிதழை யாரும் கேட்கக்கூட இல்லை. முதலில் நான்கு நேர்காணலுக்குப் போய்ப் பாருங்கள், பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். நேர்காணலுக்கே பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, கோடிங் என்று கூப்பிட்டுவிட்டு ஏ.ஆர். காலிங்கில் உட்கார வைப்பவர்களும் உண்டு. அது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களிடம் போனில் நிலுவைத் தொகையைக் கேட்கும் வேலை, அவர்களுடைய பகல் நமக்கு இரவு. நைட் டியூட்டிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

2023 ஜூலை 3ஆம் தேதி பயிற்சியாளராகச் சேர்ந்தேன். மாதம் 15,000 ரூபாய். நர்ஸாக வாங்கியதைவிட ஆறாயிரம் குறைவு. டீம் லீடருக்கு இருபத்து நான்கு வயது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஏழு வருடம் அமைச்சர் வீட்டுக்காரர்கூட என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகிய காதுக்கு, அது முதல் வாரம் அடி போல விழுந்தது. அதைவிடப் பெரிய அடி என் துல்லியக் கணக்கு. போடும் குறியீடுகளில் குறைந்தது 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். முதல் மாதம் எனக்கு 82. பக்கத்து இருக்கையில் தாவரவியல் படித்த பெண்ணுக்கு 93.

எங்கே தவறு என்று, நாங்கள் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் உட்கார வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. ஒரு குறிப்பில் ரத்தச் சர்க்கரை 310, மெட்ஃபார்மின் மாத்திரை எழுதியிருக்கிறது. நான் இ 11.65 என்று சர்க்கரை நோய்க் குறியீட்டைப் போட்டேன். மருத்துவர் எந்த இடத்திலும் சர்க்கரை நோய் என்று எழுதவில்லை, ஆகவே தவறு. இன்னொன்றில் ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று இருந்தது, புறநோயாளி. நான் நிமோனியா போட்டேன். புறநோயாளிக் குறிப்பில் ‘இருக்கலாம்’ என்பதற்குக் குறியீடு கிடையாது, இருமலுக்கும் காய்ச்சலுக்கும்தான் போட வேண்டும். ஆனால் அதே சொல் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் நிமோனியா என்றே போடலாம். யூனிட்டில் ‘இருக்கலாம்’ என்று மருத்துவர் வாயைத் திறந்தால் நான் ஆன்டிபயாடிக் கலக்கத் தொடங்கியிருப்பேன். ஊகிப்பதுதான் என் தொழில், அதை வைத்துத்தான் உயிர்களைப் பிடித்து வைத்தோம். இங்கே ஊகித்தால் தப்பு. சரி, எழுதியதை மட்டும் பார்ப்போம் என்று மனத்தைக் கட்டினால், சர்க்கரை நோயும் நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பும் ஒரே குறிப்பில் இருந்தால், மருத்துவர் வேறு காரணம் சொல்லாத வரை, இரண்டையும் தொடர்புபடுத்தியே குறியீடு போட வேண்டுமாம். விதி அப்படி. அன்று மதியம் சாப்பிடாமல் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன்.

இரண்டாம் மாதத்தில் வழி பிடிபட்டது. குறிப்பைப் படித்தவுடன் என் நர்ஸ் மூளை சொல்வதை ஒரு தாளில் எழுதிவிடுவேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் எழுதிய வரியைத் தேடுவேன், வரி இல்லாவிட்டால் அடித்துவிடுவேன். மூன்றாம் மாதம் 96. நாம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ரத்தக் குழாய்க்குள் மருந்து ஏற்றும் குழாய் கழுத்து வழியாகப் போனதா, கை வழியாகப் போனதா, தோலுக்கடியில் சுரங்கம் போட்டு வைத்ததா என்று மற்றவர்கள் படம் தேடிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். எந்தத் தையல், எந்த ஆழத்துப் புண் என்பதற்கு என்னிடம்தான் கேட்க வருவார்கள். வாத்து மோதியதற்குக்கூட டபிள்யூ 61.62 என்று ஒரு குறியீடு இருப்பதைக் கண்டுபிடித்து மகளிடம் சொன்னேன், அவள் பள்ளி முழுதும் பரப்பிவிட்டாள்.

மெடிக்கல் கோடிங் தொழிலுக்கான சான்றிதழ் தேர்வான சிபிசியை 2024இல் எழுதினேன். நூறு கேள்வி, நான்கு மணி நேரம், எழுபது சதவீதம் எடுக்க வேண்டும், குறியீட்டுப் புத்தகங்களை உடன் வைத்துக்கொள்ளலாம். புத்தகம் இருந்தால் எளிது என்று எண்ண வேண்டாம், பக்கம் புரட்டி நேரம் போய்விடும். முதல் முறை 64 எடுத்துத் தோற்றேன், இரண்டாம் முறை 78. இப்போது சம்பளம் 31,000. முதுகு வலி முழுதாகப் போகவில்லை, உட்கார்ந்தே இருப்பதில் அது வேறு மாதிரி வலிக்கிறது. ஒரு வருடம் வரை வென்டிலேட்டர் அலாரம் கனவில் கேட்டு எழுந்திருக்கிறேன். நோயாளி இறந்த குறிப்பு வந்தால் வயதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் திரையை விட்டு விலகி உட்கார்வேன். அம்மா இன்னும் “நாலு பேர் கும்பிட்ட வேலையை விட்டுவிட்டாயே” என்கிறார். அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

செவிலியர் கவுன்சில் பதிவை மட்டும் விடவில்லை. சாந்தோம் நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு நர்ஸாக இல்லாதபோதும் போய்வந்தேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் கல்வி மணிக்கணக்கு வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். காலாவதியான பதிவோடு பிறகு மனம் மாறினால் அலைச்சல் இரட்டிப்பு.

போன வாரம் பழைய யூனிட்டிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். நான் விடும்போது அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். “முடியவில்லை அக்கா. நாளையிலிருந்து போகப் போவதில்லை, மேடத்துக்கு மெசேஜ் தட்டி வைத்திருக்கிறேன்” என்றாள். அனுப்பிவிட்டாயா என்றேன். இன்னும் இல்லை என்றாள். “அழித்துவிடு. நாளைக்கு டியூட்டிக்குப் போ. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஒரிஜினல் வேண்டும் என்று மனிதவளத் துறையில் எழுதிக் கொடு. கோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம்” என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு காகிதம் புரளும் ஒலி கேட்டது. “பொய் சொல்ல வேண்டியதில்லை அக்கா, எனக்கு உண்மையாகவே அடுத்த மாதம் முடிகிறது” என்றாள்.